எடுத்த பாடமும் முடித்த பாடமும்: அமெரிக்கக் கல்லூரி நிதியுதவி குறித்த வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் நிதியுதவிக்கு விண்ணப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன்பின் வந்து சேர்ந்த கடிதங்களில் பல, விண்ணப்பத்தைப் பற்றியவையாக இல்லாமல், ஒருமுறை கிடைத்த உதவியைத் தக்கவைப்பதைப் பற்றியவையாக இருந்தன. கொழும்பில் இருந்துகொண்டு கடல்கடந்த பிள்ளையின் படிப்பை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரும் உறவினரும், விடுமுறையில் வீடு வந்திருக்கும் மாணவர்களும் எழுதிய அக்கடிதங்களுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களை இனங்காட்டக்கூடிய விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: விசா லொத்தர் மூலம் எங்கள் குடும்பத்துக்குக் கிரீன் கார்ட் கிடைத்தது. கணவரும் மகனும் நியூ ஜேர்சியில் இருக்கிறார்கள். என் தாயாரின் சுகவீனம் காரணமாக நான் தற்போது கொழும்பில் தங்கியிருக்கிறேன். மகன் அங்குள்ள இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில், அமெரிக்க மத்திய அரசு தரும் பெல் மானியம் பெற்றுப் படிக்கிறான். முதலாம் ஆண்டு முடிந்ததும் அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்துள்ளது. அவன் எந்தப் பாடத்திலும் சித்தியடையாமல் போகவில்லை. ஜீ.பீ.ஏ. (சராசரிப் புள்ளி) 2.7 இருக்கிறது. இரவு வேலையால் நான்கு பாடங்களை இடையில் விட்டுவிட்டான், அவ்வளவுதான். பிறகு ஏன் இந்த எச்சரிக்கை? மானியம் நின்றுவிடுமா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: மானியம் இன்னும் நிற்கவில்லை, அம்மா. எச்சரிக்கைக் கடிதம் வந்த மாணவருக்கு அடுத்த ஒரு தவணைக்கு நிதியுதவி வழமைபோலக் கிடைக்கும். அதற்காக அவர் எந்த விண்ணப்பமும் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு தவணைக்குள் கணக்கு நேராக வேண்டும். ஆகவே அது என்ன கணக்கு என்பதை நீங்களும் மகனும் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

பெல் மானியமும், அமெரிக்க மத்திய அரசின் மாணவர் கடன்களும், கல்லூரிக்குள் வேலை செய்து உழைக்கும் திட்டமும் 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. இவற்றைத் தொடர்ந்து பெறும் மாணவர் ‘திருப்திகரமான கல்வி முன்னேற்றம்’ காட்ட வேண்டும் என்பது சட்டம். அதை அளக்கும் விதிகளை ஒவ்வொரு கல்லூரியும் தானே எழுதி வெளியிட வேண்டும். எழுதும்போது மத்திய அரசு வகுத்த எல்லைக்குக் கீழே போகக் கூடாது. எல்லாக் கல்லூரிகளும் மூன்று விடயங்களைப் பார்க்கின்றன. முதலாவது, புள்ளிகளின் தரம், அதாவது ஜீ.பீ.ஏ. இரண்டாவது, எடுத்த கிரெடிட்களில் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) எத்தனை வீதத்தை மாணவர் முடித்திருக்கிறார் என்பது. மூன்றாவது, அந்தப் படிப்பை முடிக்க எடுக்கக்கூடிய ஆகக்கூடிய அளவு.

உங்கள் மகன் முதலாவதில் நன்றாகவே தேறியிருக்கிறார், இரண்டாவதில்தான் சறுக்கல். வருடத்துக்கு 30 கிரெடிட் எடுத்து, தலா மூன்று கிரெடிட் கொண்ட நான்கு பாடங்களை விட்டிருந்தால், அவர் முடித்தவை 18. முப்பதில் பதினெட்டு என்பது 60 வீதம். பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது 67 வீதம். இடையில் விட்ட பாடம் பெறுபேற்றுத் தாளில் ‘டபிள்யூ’ என்று பதியப்படும், அது ஜீ.பீ.ஏ.யைத் தொடாது, ஆனால் ‘எடுத்தவை’ என்ற எண்ணிக்கையில் இருந்துகொண்டே இருக்கும். நல்ல புள்ளியுடன் படிக்கும் பிள்ளைகள் எதிர்பாராமல் இவ்விடத்தில்தான் அகப்படுகிறார்கள்.

67 வீதம் என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் விதி முழுவதும் விளங்கிவிடும். 120 கிரெடிட் கொண்ட பட்டப்படிப்பை, அதன் ஒன்றரை மடங்கான 180 கிரெடிட் முயற்சிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது மத்திய அரசின் எல்லை. 180இல் 120 என்பது மூன்றில் இரண்டு பங்கு. அந்த வேகத்தைவிட மெதுவாகச் செல்லும் மாணவர் எல்லைக்குள் பட்டத்தை எட்ட மாட்டார் என்பதாலேயே அதே விகிதத்தை ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்கிறார்கள். மகனின் 60 கிரெடிட் படிப்புக்கு எல்லை 90.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். வரும் தவணையில் மகன் 12 கிரெடிட் மட்டும் எடுத்து நான்கு பாடங்களையும் முடித்தால், 42இல் 30 என்றாகி, வீதம் 71ஐத் தாண்டும், எச்சரிக்கை நீங்கிவிடும். இழந்ததை ஈடுசெய்யும் எண்ணத்தில் 15 எடுத்து ஒரு பாடத்தை மறுபடியும் விட்டால், 45இல் 30 என்றாகி 66.67 வீதத்தில் நிற்பார். சில கல்லூரிகள் அதை ஏற்கும். 67 என்று கறாராக எழுதிவைத்த கல்லூரி ஏற்காது. நிறையப் பாடம் எடுப்பதை ஊக்கம் என்று பாராட்டி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்த விதியின் கண்ணில், முடிக்க முடியாமல் எடுத்த ஒவ்வொரு பாடமும் மாணவருக்கு எதிரான சாட்சியம். ஒரு தவணையில் 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்று கணக்கிட்டு அத்தவணைக்குரிய பெல் மானியம் முழுதாகக் கிடைக்கும் என்பதால், கூடுதலாக எடுக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. 2025–26 கல்வியாண்டில் அம்மானியத்தின் உச்சத் தொகை 7,395 டொலர். திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். அதைக் காப்பாற்ற இரவு வேலையின் மணித்தியாலங்களைக் குறைக்க முடியுமானால் குறைப்பதே கணக்குப்படி இலாபம் என்பதைக் கணவருடன் கலந்து பேசுங்கள்.

நம் நாட்டில் 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலை அறிந்த பெற்றோர், உயர்தரப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் வைத்து நுழைவிலேயே தெரிவு முடிந்துவிட்டதாக எண்ணிப் பழகியவர்கள். அமெரிக்க மத்திய உதவியில் தெரிவு ஒருபோதும் முடிவதில்லை. தவணைக்கொரு முறையோ ஆண்டுக்கொரு முறையோ மீண்டும் அளக்கப்படுகிறது.

கேள்வி: நான் விடுமுறைக்காக வீடு வந்திருக்கும் மாணவி, அமெரிக்காவில் நிரந்தர வதிவிடம் உடையவள். ஒரு பாடம் கடினமாக இருந்தால் புள்ளி கெடுவதற்கு முன் விலகிவிடுவதே புத்திசாலித்தனம் என்று சக மாணவர்கள் சொல்கிறார்கள். சென்ற தவணையில் மன அழுத்தத்தால் எல்லாப் பாடங்களையும் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? (தெஹிவளை)

பதில்: விலகுவது எப்போது என்பதைப் பொறுத்தே எல்லாம். தவணையின் ஆரம்பத்தில் பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் கல்லூரி சில நாட்கள் தரும். அந்த நாட்களுக்குள் நீக்கிய பாடம் பொதுவாக எடுத்ததாகவே கணக்கில் வராது. ஆகவே பாடத்திட்டத்தையும் வாசிக்க வேண்டியவற்றின் அளவையும் முதல் வாரத்திலேயே பார்த்து, முடியாது என்று தோன்றுவதை அப்போதே நீக்கிவிடுங்கள். அந்தத் திகதி கடந்தபின் விலகினால் ‘டபிள்யூ’ விழும். முந்தைய பதிலில் சொன்னபடி அது முடித்த வீதத்தைக் குறைக்கும். விலகுவதற்கான கடைசித் திகதியும் போய்விட்டால் எஞ்சுவது பாடத்தில் கிடைக்கும் புள்ளி மட்டுமே. அது ‘எஃப்’ ஆனால் ஜீ.பீ.ஏ.யும் வீதமும் இரண்டுமே விழும். ஆகவே ‘எஃப்’ நிச்சயம் என்றால் ‘டபிள்யூ’ மேல். ‘சீ’ கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் தங்கியிருந்து முடிப்பதே மேல். இடையில் சுகவீனமுற்றுக் கடைசிச் சில வேலைகள் மட்டும் எஞ்சியிருக்குமானால், ‘முற்றுப்பெறாதது’ என்ற பதிவை விரிவுரையாளரிடம் கேட்டுப் பெற்றுப் பின்னர் முடிக்க இடமுண்டு. முடித்துப் புள்ளி பதியும்வரை அதுவும் முடிக்காத பாடம்தான்.

எல்லாப் பாடங்களையும் ஒரே தவணையில் விடுவது முற்றிலும் வேறு விடயம், அதன் விளைவு உடனே பணமாக வந்து நிற்கும். தவணையின் 60 வீத காலம் கடப்பதற்கு முன் மாணவர் முழுமையாக விலகினால், அவர் கல்லூரியில் இருந்த நாட்களின் விகிதத்துக்கு உரிய உதவியை மட்டுமே அவர் ‘உழைத்ததாக’ விதி கருதுகிறது; எஞ்சியது மத்திய அரசுக்குத் திரும்ப வேண்டும். 15 வாரத் தவணையில் அந்த எல்லை ஏறக்குறைய ஒன்பதாம் வாரத்தின் முடிவில் வரும். ஆறாம் வாரத்தில் விலகியவர் ஏறக்குறைய 40 வீதத்தையே வைத்திருக்கலாம். கல்லூரி தன் பங்கைத் திருப்பியபின் கட்டணத்தில் விழும் பள்ளத்தை மாணவரிடமே கேட்கும். அந்த நிலுவை தீரும்வரை அடுத்த தவணைக்குப் பதிவு செய்ய விடாத கல்லூரிகளும் உண்டு. ஒன்றும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டால் தப்பலாம் என்பதும் தவறு. எல்லாப் பாடங்களிலும் சித்தியடையாத மாணவர் உண்மையில் கடைசிவரை வகுப்புக்குச் சென்றாரா என்று கல்லூரி பார்க்கும். செல்லவில்லை என்று கண்டால் அவரை விலகியவராகவே கொண்டு அதே கணக்கைப் போடும். கடன் பெற்றவர்களுக்கு இன்னொன்று: அரைநேர அளவுக்குக் கீழே, சாதாரணமாக 6 கிரெடிட்டுக்குக் கீழே, போனவுடன் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு முந்தைய ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கிவிடும்.

மன அழுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இக்கணக்குகளுக்குக் கீழே புதைக்க வேண்டாம். கல்லூரியின் உளவள ஆலோசனைப் பிரிவில் இப்போதே பதிவு செய்யுங்கள். முதலில் அது உங்கள் நலனுக்காக. பிறகு எப்போதாவது மேன்முறையீடு செய்ய நேர்ந்தால், அன்றைய திகதியிட்ட அந்தப் பதிவு உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: ‘டீ’ எடுத்துச் சித்தியடைந்த பாடத்தைத் திரும்பப் படித்துப் புள்ளியை உயர்த்த மத்திய உதவி கிடைக்குமா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: ஒருமுறை கிடைக்கும். சித்தியடைந்த பாடத்தை இரண்டாம் தடவை திரும்ப எடுப்பதற்கு மத்திய உதவி கிடையாது. சித்தியடையாத பாடத்துக்கு இந்தத் தடை இல்லை. எப்படியாயினும் ஒவ்வொரு தடவையும் எடுத்த கிரெடிட் எண்ணிக்கையில் சேரும்.

கேள்வி: என் தங்கையின் மகள் கலிபோர்னியாவில் முதலில் தாதியியல் படித்தாள். பின்னர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக் கணக்கியல் எடுத்தாள். இதுவரை 140 கிரெடிட் எடுத்திருக்கிறாள். பட்டத்துக்கு இன்னும் 45 வேண்டும். ஜீ.பீ.ஏ. 3.2. எல்லை 180 என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை எட்ட 40 கிரெடிட் மீதமிருக்கும்போதே உதவியை நிறுத்திவிட்டார்கள். இது பிழையல்லவா? (ஒரு தாய்மாமன், கொட்டாஞ்சேனை)

பதில்: பிழை என்று தோன்றுவது இயல்பு, ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மாணவர் 180ஐத் தொடும் நாள்வரை கல்லூரி காத்திருப்பதில்லை. எல்லைக்குள் முடிப்பது கணக்கின்படி சாத்தியமில்லை என்று தெரியும் அன்றே தகுதி போய்விடும். 140உடன் 45ஐக் கூட்டினால் 185. ஐந்து கிரெடிட் அதிகம். அவர் இனி ஒரு பாடத்தையும் விடாமல் முடித்தாலும் 185தான் வரும். ஜீ.பீ.ஏ. எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்த அளவீட்டில் அது உதவாது.

ஆனாலும் இங்கே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் உண்டு, அவற்றைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குப் போகும்போது, புதிய கல்லூரி ஏற்றுக்கொண்ட கிரெடிட்கள் எடுத்தவையாகவும் முடித்தவையாகவும் இரண்டு பக்கத்திலும் எண்ணப்படும். ஏற்றுக்கொள்ளப்படாத கிரெடிட்கள் 140க்குள் தவறுதலாகச் சேர்ந்துள்ளனவா என்பதை முதலில் பாருங்கள். இரண்டாவதாக, கற்கைநெறியை மாற்றிய மாணவருக்குப் பழைய நெறிக்கு மட்டும் உரிய பாடங்களைக் கணக்கிலிருந்து நீக்கக் கல்லூரிக்குச் சட்டம் இடமளிக்கிறது. நீக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அக்கல்லூரியின் எழுத்து விதியில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். உடற்கூற்றியல், தாதியியல் செய்முறை போன்ற, கணக்கியல் பட்டத்தில் இடம்பெறாத பாடங்களைப் பட்டியலிட்டு, அவற்றை நீக்கினால் எண்ணிக்கை எவ்வளவு ஆகும் என்று நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பாடங்கள் நீங்கினாலே அந்த ஐந்து கிரெடிட் தீர்ந்துவிடும். அதற்கும் வழியில்லை என்றால் மேன்முறையீடு செய்யலாம். பட்டத்துக்கு மிக அருகில் நிற்கும், எஞ்சிய பாடங்களைத் தவணை தவணையாக வகுத்துக் காட்டக்கூடிய, 3.2 எடுத்த மாணவி வெறுங்கையோடு போகவில்லை.

உயர்தரம் முடித்துச் செல்லும் ஏனைய பிள்ளைகளின் குடும்பங்களும் இதைக் கவனிக்கட்டும். துறையை மாற்றுவது தவறல்ல. மாற்றுவதற்கு முன், புதிய பட்டத்துக்கு எத்தனை கிரெடிட் எஞ்சும், இதுவரை எடுத்தவற்றுடன் சேர்த்தால் எவ்வளவு என்ற ஒரேயொரு கூட்டலை ஆலோசகரின் முன்னிலையில் செய்துவிட வேண்டும்.

கேள்வி: என் மகன் கொழும்பில் இலண்டன் உயர்தரம் எழுதி, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறான். பல்கலைக்கழகமே கட்டணத்தில் பாதியைப் புலமைப்பரிசிலாகத் தருகிறது. 67 வீத விதி அவனுக்கும் உண்டா? (பம்பலப்பிட்டி)

பதில்: மத்திய அரசின் நிதியுதவி எஃப்-1 விசா மாணவருக்கு இல்லை, ஆகவே அதற்குரிய முன்னேற்ற விதி மகனை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அவரைக் கட்டுப்படுத்துபவை வேறு இரண்டு, அவை அநேகமாகக் கூடுதல் கடுமையானவை.

ஒன்று, புலமைப்பரிசில் வழங்கிய கடிதம். அதில் எழுதியிருப்பதே சட்டம். மத்திய உதவிக்கு 2.0 போதுமான இடத்தில் புலமைப்பரிசில் 3.0 அல்லது அதற்கும் மேல் கேட்கலாம். ஆண்டுக்கு 30 கிரெடிட் முடிக்கச் சொல்லலாம். எச்சரிக்கைத் தவணை என்ற ஒன்றே இல்லாமலும் இருக்கலாம். ஒருமுறை இழந்தால் திரும்பப் பெறலாமா என்பதை அக்கடிதத்தில் தேடுங்கள். இல்லாவிட்டால் மகன் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பாதுகாத்து வைக்கட்டும்.

மற்றது விசா. இளங்கலை மாணவர் ஒவ்வொரு வழமையான தவணையிலும் 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் படிக்க வேண்டும். ஒரு பாடத்தை விட்டு அதற்குக் கீழே போக நேர்ந்தால், விடுவதற்கு முன்னரே சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். சுகவீனமானால் வைத்தியரின் கடிதத்துடன் குறைந்த பாடச்சுமைக்கு அனுமதி உண்டு. ஒரு பட்டநிலையில் அது மொத்தம் 12 மாதங்களைத் தாண்டக் கூடாது. நிதியுதவி அலுவலகம் சரி என்று சொன்னதைக் கேட்டுவிட்டுச் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குச் சொல்லாமல் பாடத்தை விட்ட மாணவர் விசா அந்தஸ்தை இழக்க நேரிடும். அலுவலகங்கள் இரண்டு, விதிகள் இரண்டு. ஒன்று மற்றொன்றுக்காகப் பேசாது.

கேள்வி: மகளின் உதவி நிறுத்தப்பட்டதை ஒரு தவணை கழித்தே அறிந்தோம். கல்லூரிக்கு எழுதினால், மாணவியின் விபரங்களைத் தர முடியாது என்று பதில் வருகிறது. பணம் அனுப்பும் தகப்பனுக்குச் சொல்ல மாட்டார்களா? (ஒரு தந்தை, மட்டக்குளி)

பதில்: 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் தொடர்பான அந்தரங்கச் சட்டத்தின்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கே போய்விடுகிறது. அமெரிக்காவில் வருமான வரி தாக்கல் செய்யும் பெற்றோர் பிள்ளையைத் தங்கியிருப்பவராகக் காட்டியிருந்தால் கல்லூரி விரும்பினால் தெரிவிக்கலாம். தெரிவித்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொழும்பில் இருக்கும் உங்களுக்கு உள்ள வழி, மகள் கையெழுத்திடும் சம்மதப் படிவம். பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் தம் இணையக் கணக்கின் ஊடாகவே இதைச் செய்துவிடலாம். நிதியுதவிப் பதிவுகளுக்கு மட்டும் சம்மதம் தர இடமளிக்கும் கல்லூரிகளும் உண்டு.

ஆனால் ஐயா, படிவத்துக்கு முன் வேண்டியது மகள் உங்களிடம் வாய்திறக்கத் துணிவது. எச்சரிக்கைக் கடிதங்கள் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் போகும். அதைத் திறந்து பார்த்த பிள்ளை, அப்பா என்ன சொல்வாரோ, சொந்தக்காரர் என்ன கதைப்பார்களோ என்று அஞ்சி மூடிவைத்துவிடும். அந்த அச்சத்தில் கழிந்த ஒரு தவணைதான் எச்சரிக்கையை நிறுத்தமாக்குகிறது. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் என்னை அதிகம் வருத்துபவை இவைதான், ஏனெனில் மூன்று மாதங்களுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கக்கூடிய விடயம் அது. நடந்ததைப் பற்றி இப்போது கண்டிக்க வேண்டாம். கடிதத்தை வாங்கிப் பாருங்கள். மேன்முறையீட்டுக்கான கடைசித் திகதி போய்விட்டதா என்று பாருங்கள். போகாதிருந்தால் அடுத்த பதில் உங்கள் மகளுக்கும் உரியது.

கேள்வி: சென்ற வருடத் தவணை நடுவில் அப்பா காலமானார். நான் மூத்த மகன் என்பதால் கொழும்புக்கு வந்து கிரியைகளைச் செய்து, அந்தியேட்டி முடிந்தே திரும்பினேன். இரண்டு பாடங்களில் சித்தியடையவில்லை, ஒன்றை விட்டேன். ஆண்டிறுதியில் எச்சரிக்கை எதுவுமில்லாமல் உதவியை நிறுத்திவிட்டார்கள். மேன்முறையீட்டுக் கடிதத்தை எப்படி எழுதுவது? அப்பாவின் மரணத்தைக் காரணமாகக் காட்டிப் பணம் கேட்க மனம் கூசுகிறது. (கல்கிசை)

பதில்: உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். கூச வேண்டாம், தம்பி. உறவினரின் மரணம், மாணவரின் நோய் அல்லது விபத்து, ஏனைய விசேட சூழ்நிலை என்று மேன்முறையீட்டுக்கான காரணங்களை மத்திய விதியே எழுதிவைத்திருக்கிறது. மரணத்தையே அது முதலில் சொல்கிறது. நீங்கள் சலுகை கேட்கவில்லை. உங்களைப் போன்ற மாணவருக்காக வைக்கப்பட்ட வாசலால் உள்ளே போகிறீர்கள்.

எச்சரிக்கை ஏன் வரவில்லை என்றால், ஒவ்வொரு தவணை முடிவிலும் முன்னேற்றத்தை அளக்கும் கல்லூரிகளுக்கு மட்டுமே எச்சரிக்கைத் தவணை வழங்க அனுமதி உண்டு. ஆண்டுக்கொரு முறை அளக்கும் கல்லூரியில் நேரடியாக நிறுத்தமே வரும். அங்கே மேன்முறையீடு ஒன்றுதான் வழி.

கடிதம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஏன் முன்னேற்றம் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. நம் மாணவர்கள் முதலாவதை நெஞ்சுருக எழுதுகிறார்கள். இரண்டாவதை ‘இனிமேல் நன்றாகப் படிப்பேன்’ என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தீர்மானிக்கும் குழு அதிகம் தேடுவது இரண்டாவதைத்தான். முதற்பகுதியில் திகதிகளை எழுதுங்கள்: அப்பா காலமான நாள், நீங்கள் புறப்பட்ட நாள், திரும்பிய நாள், அந்த இடைவெளியில் எந்தப் பாடத்தின் எந்தப் பரீட்சை தவறியது. அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் நிகழ்வது என்பதும், மூத்த மகனாகிய நீங்கள் அதுவரை நிற்க வேண்டியிருந்தது என்பதும் குழுவுக்குத் தெரியாது, ‘எங்கள் சமய வழக்கப்படி தந்தையின் கிரியைகள் முப்பத்தோராம் நாள் நிறைவுபெறும், அவற்றை மூத்த மகனே செய்ய வேண்டும்’ என்று ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள். அதற்குமேல் வருணனை வேண்டாம். விரிவுரையாளரைக் குறை சொல்லவும் வேண்டாம்.

இரண்டாம் பகுதியில் மாறியவற்றை எழுதுங்கள்: கொழும்பில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், நீங்கள் மறுபடி போக நேருமா, வேலை நேரத்தைக் குறைத்தீர்களா, கல்லூரியின் கற்றல் உதவி நிலையத்தில் சேர்ந்தீர்களா, அடுத்த தவணைக்கு எந்தப் பாடங்களை எடுக்கப் போகிறீர்கள், ஏன் அத்தனை. பாட ஆலோசகரைச் சந்தித்து அத்திட்டத்தில் அவரது ஒப்பத்தையும் பெற்றுக்கொண்டால் கடிதம் பலம் பெறும். உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் இருக்க வேண்டாம். காசுக்கு எழுதிக் கொடுப்பவர்களிடம் போகவும் வேண்டாம். அவர்கள் எழுதும் கடிதம் எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி இருக்கும், குழு அதைக் கண்டுகொள்ளும்.

ஆதாரங்களாக மரணச் சான்றிதழ், விமானச் சீட்டின் பிரதி, அந்நாட்களில் விரிவுரையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இணையுங்கள். சான்றிதழ் சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால், கொழும்பில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி பெற்று, மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்கள் இங்கே இருக்கும் இந்த விடுமுறையிலேயே இதை முடித்துவிட்டால், பின்னர் அம்மாவை அலைக்கழிக்க வேண்டியிராது.

மேன்முறையீடு ஏற்கப்பட்டால் ‘நன்னடத்தைக் காலம்’ போன்ற ஒரு தவணை தருவார்கள். அத்தவணைக்குள் விதியை எட்ட வேண்டும். ஒரே தவணையில் எட்டவே முடியாத அளவுக்கு வீதம் விழுந்திருந்தால், கல்லூரி ஒரு பாடத்திட்டம் வகுத்துத் தரும். அதைப் பின்பற்றும்வரை உதவி தொடரும். கையெழுத்திடுமுன் அதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனையையும் வாசியுங்கள். ஒரு பாடத்தையும் விடக் கூடாது என்றோ, எல்லாப் பாடத்திலும் ‘சீ’க்குக் குறையக் கூடாது என்றோ இருக்கும், முடியாது என்று தோன்றினால் அப்போதே குறைந்த கிரெடிட் கேளுங்கள். தீர்ப்பு வரும்வரை கட்டணத்துக்கான திகதி நிற்காது என்பதால், தவணைக் கட்டண ஏற்பாடு உண்டா என்று கட்டணப் பிரிவையும் விசாரித்து வையுங்கள்.

மறுக்கப்பட்டால், ஒரு தவணை வீட்டில் இருந்துவிட்டு வந்தால் தகுதி தானாகத் திரும்பும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இடைவெளி மட்டும் எதையும் மாற்றாது, சொந்தப் பணத்தில் படித்தாலும் விதியை எட்டினால்தான் தகுதி மீளும். விதியை எட்ட இன்னும் எத்தனை கிரெடிட் முடிக்க வேண்டும் என்று நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அருகிலுள்ள, கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரியில் அவற்றுட் சிலவற்றை முடித்து மாற்றிக்கொள்ள உங்கள் கல்லூரி சம்மதிக்குமா என்றும் அதே மடலில் கேட்டுவிடுங்கள். ஏற்கப்படும் கிரெடிட்கள் எடுத்தவையாகவும் முடித்தவையாகவும் எண்ணப்படுவதால், முடித்த வீதம் குறைந்த செலவில் மேலே வரும். ஆனால் ஜீ.பீ.ஏ. விழுந்திருந்தால், அநேகக் கல்லூரிகள் வெளியில் எடுத்த புள்ளிகளை அதில் சேர்ப்பதில்லை. சித்தியடையாத அந்த இரண்டு பாடங்களையும் உங்கள் கல்லூரியிலேயே திரும்ப எடுங்கள்.